பச்சமலைக்கு அந்தாண்ட ஒரு கடல் இருந்தது

கிணறு வெட்டுன குடும்பத்துல பொறந்தவங்களுக்கு மண்ணைப் பத்தி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கெங்கவல்லி பக்கம் எந்தக் காட்டுல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. மேல செம்மண்ணு, அதுக்குக் கீழ சரளை, அதுக்கும் கீழ மக்கிப் போன பாறை, அதையும் தாண்டினா கருங்கல்லு. எங்க தாத்தா காலத்துல கடப்பாரையும் சம்மட்டியும் தான். அப்புறம் வெடி வந்தது. இன்னைக்கு போர் வண்டி வந்து நிக்குது, ராத்திரியோட ராத்திரியா எண்ணூறு அடி போயிருது. ஆனா இறங்குற கல்லு மட்டும் அதே கல்லு தான்.

இதே மாதிரி தான் எல்லா ஊர்லயும் பூமிக்கு அடியில இருக்கும்னு நாம நினைச்சுக்கறோம். அப்படி இல்லை. நம்ம ஊர்ல இருந்து தெற்கே பார்த்தா தெரியுற பச்சமலையைச் சுத்திக்கிட்டு, கிருஷ்ணாபுரம், வேப்பந்தட்டை வழியா பெரம்பலூரைத் தாண்டிப் போனீங்கன்னா, ஒரு இடத்துல கல்லே மாறிப் போயிருது. கருங்கல்லு முடிஞ்சு சுண்ணாம்புக்கல்லு ஆரம்பிக்குது. கல்லு மாறினா மண்ணு மாறுது, மண்ணு மாறினா கிணறும் வெள்ளாமையும் மாறுது, கடைசியில அந்த ஊரோட சரித்திரமே வேறயாப் போயிருது. ஒரு ஊரோட வரலாறு ராஜா கிட்ட இருந்து தான் தொடங்கணும்னு இல்லை. கிணத்தோட அடியில இருந்தும் தொடங்கலாம். அந்தக் கதை தான் இது.

நம்ம பக்கத்துக் கல்லு

முதல்ல நம்ம கல்லைப் பத்திச் சொல்லிடறேன். சேலம், நாமக்கல் பக்கத்துப் பாறைகள் உலகத்துலயே ரொம்பப் பழசான பாறைகள்ல சேர்ந்தவை. சுமார் 250 கோடி வருஷம்னு கணக்குச் சொல்றாங்க. பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல, சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்து இறுகின கல்லு. அந்தக் காலத்துல மீனும் கிடையாது, மரமும் கிடையாது, நத்தையும் கிடையாது. அதனால நம்ம பாறையை எத்தனை துண்டு போட்டாலும் ஒரு உயிரோட அச்சு கூடக் கிடைக்காது.

ஆனா இந்தக் கல்லுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு தடவை உளியால எழுதிட்டா ஆயிரம் வருஷமானாலும் அழியாது. பக்கத்துல ஆறகளூருக்குப் போய்ப் பாருங்க. 12, 13-ஆம் நூற்றாண்டுல வாணகோவரையர்கள் மகதை மண்டலத்தை ஆண்டப்போ அது தான் தலைநகரம். காமநாதீசுவரர் கோயில் சுவர்ல கல்வெட்டு இன்னும் படிக்குற மாதிரி இருக்குது. அதுக்குப் பக்கத்துலயே தியாகனூர்ல புத்தர் உட்கார்ந்திருக்கார். ராஜ்ஜியம் போச்சு, கோட்டை போச்சு, அகழி தூர்ந்து போச்சு. கல்லு நிக்குது.

நம்ம கல்லுக்கு ஒரு குறையும் உண்டு. அதுக்குள்ள தண்ணி நிக்க இடமில்லை. மேல மக்கின பாறை இருக்குற வரைக்கும் தான் தண்ணி தேங்கும். அதுக்குக் கீழ பாறையில வெடிப்பு இருந்தா ஊத்து, இல்லேன்னா வெறும் புழுதி. ஒருத்தர் தோட்டத்துல தண்ணி பீச்சும், இருபது அடி தள்ளிப் பக்கத்துக்காரர் போட்ட போர்ல புகை மட்டும் வரும். சாமி பார்க்கறதும், தேங்காய் வெச்சுப் பார்க்கறதும், வேப்பங்குச்சி பிடிக்கறதும் நம்ம பக்கம் இவ்வளவு பரவினதுக்குக் காரணம் இந்தக் கல்லு தான். கல்லு பதில் சொல்லாதப்போ மனுஷன் சாமியைத் தான் கேட்பான்.

மலைக்கு அந்தாண்ட

பச்சமலையில பெய்யுற மழை நாலாபக்கமும் இறங்குது. வடக்கே இறங்குற ஓடைகள் நம்ம சுவேத நதிக்கு வருது. கொல்லிமலையில உற்பத்தியாகி, தம்மம்பட்டி வழியா கெங்கவல்லிக்கு வந்து, வீரகனூர் தாண்டிப் போகுது சுவேத நதி. அப்புறம் வசிஷ்ட நதியோட கூடி வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டை கிட்ட கடல்ல விழுது. கிழக்கே இறங்குற தண்ணி மருதையாறு. அது பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஓடி கொள்ளிடத்துல சேருது. 1956 நவம்பர் 23-ஆம் தேதி அரியலூர் கிட்ட வெள்ளம் பாலத்தை அரிச்சு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்ததே, அது இந்த மருதையாறு தான். அந்த விபத்துக்குப் பொறுப்பேத்துத் தான் லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டார். மலையில இருந்து பார்த்தா சின்ன ஓடை. கீழ போய் ஒரு மத்திய மந்திரியையே பதவி விலக வெச்சுது.

இந்த மருதையாறு ஓடுற பூமி தான் நான் சொல்ற சுண்ணாம்பு பூமி. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன்னாடி, இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்த பெரிய நிலம் பிரிஞ்சு, நம்ம கிழக்குக் கரையில பள்ளம் விழுந்துச்சு. அந்தப் பள்ளத்துல கடல் ஏறி வந்தது. இன்னைக்குப் பெரம்பலூர், அரியலூர், லால்குடி பக்கம் இருக்குற நிலமெல்லாம் கடலுக்கு அடியில கிடந்தது. மேற்கே நம்ம கருங்கல்லுப் பூமி தான் கரை. அதாவது, பச்சமலைக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்துல அலை அடிச்சுக்கிட்டு இருந்தது.

அந்தக் கடல் சும்மா வந்துட்டுப் போகலை. பல கோடி வருஷம் முன்னேறி வந்தது, பின்வாங்கிப் போனது, திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் சேறு, மணல், சிப்பி, பவளம், நத்தை ஓடுன்னு அடுக்கு அடுக்கா விட்டுட்டுப் போச்சு. அந்தச் சிப்பியும் ஓடும் இறுகினது தான் சுண்ணாம்புக்கல்லு. நம்ம வீட்டுப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாங்கின கிளிஞ்சல் சுண்ணாம்பும், அங்க பூமிக்குள்ள கிடக்குற கல்லும் ஒரே பொருள் தான். ஒண்ணு போன வருஷம் செத்த சிப்பி, இன்னொண்ணு பத்து கோடி வருஷத்துக்கு முன்னாடி செத்த சிப்பி.

உலகம் படிக்குற ஊர்ப் பேர்கள்

இந்த விஷயம் வெளி உலகத்துக்குத் தெரிஞ்ச கதையும் சுவாரசியமானது. 1840கள்ல மதராஸ் மாகாணத்துல வேலை பார்த்த கேய், கன்லிஃப் மாதிரியான வெள்ளைக்கார அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கத்துல இருந்து கல்லான சிப்பிகளைப் பொறுக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க. அதை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ஞ்சு 1846ல எழுதினார். அதுக்கப்புறம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில இருந்து ஹென்றி பிளான்ஃபோர்ட் வந்து, இந்தப் பூமியை நடந்து அளந்து, 1862ல அறிக்கை போட்டார். பாறை அடுக்குகளை அவர் மூணா பிரிச்சார். அடியில இருக்குறது ஊட்டத்தூர், நடுவுல திருச்சிராப்பள்ளி, மேல அரியலூர்.

அதுல இருந்து ஒவ்வொரு ஊர்ப் பேரும் பாறைப் பேரா ஆகிப் போச்சு. காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோயில், கல்லமேடு, நின்னியூர். பஸ்ஸே ரெண்டு மூணு தான் வர்ற சின்னச் சின்ன ஊருங்க இதெல்லாம். ஆனா ஜெர்மனியிலயோ ஜப்பான்லயோ உட்கார்ந்து அந்தக் காலத்துக் கடலைப் பத்திப் படிக்குற ஒருத்தருக்கு இந்தப் பேருங்க தெரியும். கருடமங்கலம் பக்கத்துச் சிப்பிக் கல்லை வெட்டி மெருகு போட்டா அழகா இருக்கும். அதுக்கு வெள்ளைக்காரன் 'டிரிச்சினாப்பள்ளி மார்பிள்'னே பேர் வெச்சான்.

இந்தச் சிப்பி, நத்தை எல்லாத்தையும் ஒண்ணு விடாமப் படம் வரைஞ்சு பெரிய பெரிய தொகுதியா எழுதினவர் ஸ்டோலிச்கா. இன்னைக்குச் செக் நாடுன்னு சொல்றோமே, அங்க மொராவியாவுல பொறந்தவர். பத்து வருஷத்துக்கு மேல இந்த வேலையில இருந்தார். 1874ல யார்கண்டுக்குப் போய்ட்டுத் திரும்புற வழியில லடாக் மலையில செத்துப் போனார். முப்பத்தாறு வயசு தான். நம்ம பக்கத்து ஊர் நத்தைக்கு ஒரு மொராவியாக்காரன் ஆயுசுல பத்து வருஷத்துக்கு மேல கொடுத்திருக்கான்னு நினைச்சா ஆச்சரியமா இருக்குது.

சுருள் சுருளா, ஆட்டுக்கிடாய்க் கொம்பு மாதிரி இருக்குற ஒரு கல்லு அங்க நிறையக் கிடைக்கும். அதுக்கு அம்மோனைட்னு பேர். பெருமாள் கோயில்ல சாளக்கிராமம் வெச்சுப் பூஜை பண்றாங்களே, நேபாளத்துல கண்டகி ஆத்துல இருந்து வர்றது, அதுவும் இதே இனம் தான். ஒரே ஜீவன் ஒரு இடத்துல சாமி, இன்னொரு இடத்துல வரப்புல கிடக்குற கல்லு.

கல்மரமும் காணாமப் போன எலும்பும்

பெரம்பலூர் மாவட்டத்துல சாத்தனூர்னு ஒரு ஊர். அங்க ஒரு மரம் படுத்திருக்குது. மரம்னா மரம் இல்லை, கல்லு. பட்டை மாதிரி தெரியும், கணு தெரியும், தொட்டா கல்லு. நீளம் 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி. 12 கோடி வருஷத்துக்கு முன்னாடி கரையில நின்ன மரம், ஆத்து வெள்ளத்துல வந்து கடல் சேத்துக்குள்ள புதைஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா கல்லாயிருக்குது. 1940ல இதைக் கண்டுபிடிச்சுச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர். 1951ல இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்திய இயக்குநரா வந்தவர் இவர் தான்.

அந்த மரத்தைச் சுத்தி வேலி போட்டுப் பாதுகாத்துட்டாங்க. தேசியப் புவியியல் சின்னம்னு அறிவிச்சிருக்காங்க. காரை, குளக்கல்நத்தம் பக்கத்துல மழைத் தண்ணி அரிச்சு அரிச்சு மடிப்பு மடிப்பா நிக்குற பூமியையும் அதே பட்டியல்ல சேர்த்திருக்காங்க. பார்த்தா ஒண்ணுக்கும் ஆகாத பொட்டல்னு தோணும். வெள்ளாமை விளையாத அந்தப் பொட்டல் தான் பழைய கடலோட அடித்தரை.

எல்லாத்துக்கும் சாத்தனூர் மரத்தோட அதிர்ஷ்டம் இல்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேடு பக்கத்துல பெரிய பெரிய எலும்பு கிடைச்சு, 1980களோட கடைசியில யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு பேர் அதைப் பத்தி எழுதினாங்க. பிருஹத்காயோசாரஸ்னு பேர் வெச்சாங்க. பெரிய உடம்புக்காரன்னு அர்த்தம். உலகத்துல நடந்த மிருகங்கள்லயே மிகப் பெரிசுகள்ல ஒண்ணா இருக்கலாம்னு இன்னைக்கும் விவாதம் நடக்குது. ஆனா அந்த எலும்பு இப்ப இல்லை. ஈரம் பட்டு உதிர்ந்து போச்சு. கையில இருக்குறது படமும் அளவும் தான். எலும்பே இல்ல, அது கல்லான மரமா இருக்கும்னு சொன்னவங்களும் உண்டு. திரும்ப எடுத்துப் பார்க்கப் பொருள் இல்லாததால அந்த வழக்கு முடியவே முடியாது.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணும் நடக்கும். 2009ல நம்ம சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் செந்துறைப் பக்கத்துல டைனோசர் முட்டைகள் கிடைச்சதா அறிவிச்சாங்க. பேப்பர்ல எல்லாம் வந்தது. அதுல இருந்து அந்தப் பக்கம் உருண்டையா எது கிடைச்சாலும் முட்டை தான். 2020ல குன்னத்துல குளம் வெட்டுனப்போ உருண்டை உருண்டையாக் கல்லு வந்தது, வாட்ஸ்அப் முழுக்க டைனோசர் முட்டைன்னு ஓடுச்சு. விவரம் தெரிஞ்சவங்க வந்து பார்த்துட்டு, இது முட்டை இல்லை, அம்மோனைட் மாதிரியானதைச் சுத்திக் கடல் சேறு உருண்டு இறுகின கல்லுன்னு சொன்னாங்க. முட்டை இல்லைன்னதும் எல்லாருக்கும் ஆர்வம் போயிருச்சு. எனக்கு என்னமோ பத்து கோடி வருஷத்துக் கடல் சேறு உருண்டையாக் கிடைக்குறதே போதும்னு தோணுது.

தண்ணி கல்லைத் தின்னுற ஊரு

சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. தண்ணியில கரையும். மழைத் தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்குற கரியமில வாயுவைச் சேர்த்துக்கிட்டு லேசாப் புளிப்பேறுது. அந்தப் புளிப்புத் தண்ணி கல்லோட வெடிப்புல இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு, பொந்தாக்கி, குகையாக்கி விடும். மேல ஓடுற ஆறு அந்தப் பொந்துல விழுந்து காணாமப் போயிரும். இப்படிப்பட்ட பூமிக்குக் கார்ஸ்ட்னு பேர். ஸ்லோவேனியாவுல இத்தாலி எல்லை ஓரத்துல ஒரு மேட்டு நிலத்தோட பேர் அது. அங்க ரேக்கான்னு ஒரு ஆறு ஷ்கோச்சியன் குகைக்குள்ள போய் மறைஞ்சு, முப்பது கிலோமீட்டருக்கு மேல பூமிக்கு அடியிலயே ஓடி, இத்தாலியில வெளியே வருது. மேல இருக்குற கிராமத்துக்காரங்களுக்கு அந்தத் தண்ணி கிடையாது. மழைத் தண்ணியைத் தொட்டியில பிடிச்சுக் குடிச்சாங்க, கல்லைப் பொறுக்கி வரப்பு கட்டினாங்க. ஆந்திராவுல பேலம் குகை, அரக்குப் பக்கத்துல போரா குகை, இதெல்லாம் இப்படித் தண்ணி தின்ன கல்லு தான்.

அரியலூர்ப் பூமியில சுண்ணாம்புக்கல்லு களிமண்ணுக்கும் மணற்கல்லுக்கும் நடுவுல அடுக்கு அடுக்காத் தான் கிடக்குது. முழுக்க முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு மேலயே வாழ்ற தமிழ் ஊர்களைப் பார்க்கணும்னா யாழ்ப்பாணத்துக்குப் போகணும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுல வருஷம் முழுக்க ஓடுற ஆறு ஒண்ணு கூடக் கிடையாது. வழுக்கையாறுன்னு ஒண்ணு இருக்குது, அதுவும் மழைக்காலத்துல மட்டும். பெய்யுற மழையெல்லாம் செம்பாட்டு மண்ணு வழியாச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கிருது. அதைக் கிணத்துல இருந்து துலா போட்டு இறைச்சுத் தான் அந்தச் சனம் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைய வெச்சாங்க. நாம கவலை ஓட்டி, சால்ல இறைச்சோம். அவங்க துலா மிதிச்சு, பட்டையில இறைச்சாங்க. கருவி வேற, பாடு ஒண்ணு.

அங்க நிலாவரைன்னு ஒரு கிணறு, புத்தூர்ப் பக்கம் நவக்கிரியில இருக்குது. கல்லு கரைஞ்சு மேல்கூரை இடிஞ்சு விழுந்து உண்டான பள்ளம். ராமர் அம்பு விட்டுத் தண்ணி எடுத்த இடம்னு ஊர்ல சொல்வாங்க. இலங்கையில பெரிய அதிகாரியா இருந்த எமர்சன் டென்னன்ட் 1859ல வெளியிட்ட புத்தகத்துல இந்தக் கிணத்தைப் பத்தி விவரமா எழுதியிருக்கார். மேல நல்ல தண்ணி, ஆழத்துல போகப் போக உப்புத் தண்ணி. கீரிமலையில கடல் ஓரத்துலயே நல்ல தண்ணி ஊத்து வருது. ஆடி அமாவாசைக்குச் சனம் அங்க போய்த் தான் அப்பாவுக்குத் திதி குடுக்குது.

இது எப்படி நடக்குதுன்னா, நல்ல தண்ணி உப்புத் தண்ணியை விட லேசு. எண்ணெய் மாதிரி மேல மிதக்குது. 19-ஆம் நூற்றாண்டு கடைசியில ஆலந்துக்காரர் ஒருத்தரும், 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ஜெர்மன்காரர் ஒருத்தரும் தனித்தனியா இதுக்கு ஒரு கணக்குச் சொன்னாங்க. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா, கடல் மட்டத்துக்குக் கீழ சுமார் நாப்பது அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். கேட்க நல்லா இருக்குது இல்லையா? அதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. மோட்டார் வெச்சு மேல ஒரு அடியை உறிஞ்சினா, கீழ இருந்து உப்பு நாப்பது அடி ஏறி வரும். துலா காலத்துல மனுஷனோட கால் வலியே ஒரு கட்டுப்பாடா இருந்துச்சு. மோட்டாருக்குக் கால் வலிக்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நம்ம பாறையில ஒரு இடத்துல விஷம் விழுந்தா அது மெதுவாத் தான் நகரும். சுண்ணாம்புக்கல்லுல பொந்து வழியா ஓடிப் போயிரும். சுன்னாகத்துல மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் பூமிக்குள்ள இறங்கி, சுத்துப்பட்டு ஊர்க் கிணத்துல எல்லாம் எண்ணெய் மிதந்தது. வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2019ல 2 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாச்சு. பணம் வந்தது சரி. கிணத்தை நம்பித் தண்ணி குடிச்ச மனசு திரும்ப வர எத்தனை வருஷமாகும்?

காளவாயில இருந்து சிமெண்ட் வரைக்கும்

சுண்ணாம்பு இல்லாம நம்ம வாழ்க்கையில எதுவும் நடந்ததில்லை. வெத்தலை போட ஆத்தூர்ப் பாக்கு வேணும், அதோட சுண்ணாம்பும் வேணும். சுவர் எழுப்பச் சுண்ணாம்பு, பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு. நம்ம பக்கத்துக் காடுகள்லயும் சுக்கான் கல்லு கொஞ்சம் கிடக்கும். அதைப் பொறுக்கிக் காளவாயில அடுக்கி, விறகு போட்டு எரிச்சு, தண்ணி தெளிச்சா பொங்கி மாவா உதிரும். கல்லுக்குள்ள அடைஞ்சு கிடந்த கரியமில வாயு அந்தச் சூட்டுல வெளியே போகுது, அவ்வளவு தான் ரகசியம். ஒரு காளவாய்க்கு வேணுங்குறது நாலு வண்டிக் கல்லு. ஊரு அதனால ஒண்ணும் குழியாகிப் போகலை.

சோழர் காலத்துலயும் அப்படித் தான். கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்துல தான் இருக்குது. சுத்துப்பட்டுல கருங்கல்லுப் பாறை கிடையாது. ஆனா ராஜேந்திர சோழன் கோயிலைக் கருங்கல்லுல தான் கட்டினான். கல்லு வெளியூர்ல இருந்து வந்திருக்குது. அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை வெச்சு அவன் கோபுரம் கட்டலை.

1939ல கல்லக்குடியில டால்மியா சிமெண்ட் ஆலை வந்தது. ஊர்ப் பேரே டால்மியாபுரம்னு ஆச்சு. 1953 ஜூலை 15-ஆம் தேதி கருணாநிதி தண்டவாளத்துல தலை வெச்சுப் படுத்த கல்லக்குடிப் போராட்டம் எல்லாருக்கும் தெரியும். பின்னாடி ரயில் நிலையத்துக்குக் கல்லக்குடி பழங்காநத்தம்னு பேர் திரும்பி வந்தது. ஊர்ப் பேரை மீட்டாச்சு. ஊருக்கு அடியில இருந்த கல்லு மட்டும் மூட்டை மூட்டையாப் போய்க்கிட்டே இருக்குது. அதுக்கப்புறம் அரியலூரைச் சுத்திப் பல ஆலைகள் வந்து, இன்னைக்கு அது சிமெண்ட் ஊருன்னே ஆயிருச்சு.

கணக்கு இப்படி. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து 1,400 டிகிரிக்கு மேல சுட்டா கிளிங்கர் வரும், அதை அரைச்சா சிமெண்ட். ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல்லு வேணும். நாம கெங்கவல்லியில கட்டுற மாடி வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் வர்ற மூட்டைக்குள்ள அந்தப் பழைய கடலோட நத்தையும் சிப்பியும் இருக்கலாம். நான் சிமெண்ட் வேண்டாம்னு சொல்லலை. சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க, எங்க வீடும் சிமெண்ட் வீடு தான். அந்த ஆலைகள்னால அங்க பல குடும்பத்துக்குச் சம்பளம் கிடைச்சிருக்குது, அதுவும் உண்மை. ஆனா விவசாயிக்கு ஒரு கணக்குத் தெரியும். வெள்ளாமை எடுத்தா அடுத்த வருஷமும் எடுக்கலாம். கல்லு எடுத்தா ஒரு தடவை தான். குழி மட்டும் மிஞ்சும். கல்லு போறப்போ அதோட தண்ணி நின்ன இடமும் போகுது, அதுக்குள்ள எழுதியிருந்த கதையும் போகுது.

இதை அரியலூர்க்காரங்க பிரச்சனைன்னு நாம தள்ளிவிட முடியாது. நம்ம பக்கம் கருங்கல்லுக் கரடுங்க ஜல்லியாகிப் போறதைத் தினமும் பார்க்கறோம். நம்ம கல்லுல நத்தை இல்லை தான். ஆனா கரட்டுல விழுற மழை தான் அடிவாரத்துக் கிணத்துக்கு ஊத்து. சுவேத நதியில மணல் இருந்தா தண்ணி தங்கும், மணல் போனா அது வெறும் வாய்க்கால்.

எழுதி வைக்க வேண்டிய கணக்கு

கல்லமேட்டு எலும்பு கதையில இருந்து நாம எடுத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்குது. பொருள் போயிட்டாலும் அளவு எழுதி வெச்சதால தான் இன்னைக்கு அதைப் பத்திப் பேசவாவது முடியுது. நம்ம ஊர்ல அந்த அளவு கூட இல்லை.

எத்தனையாவது அடியில சரளை முடிஞ்சுது, எங்க பாறை வந்தது, எந்த மூலையில ஊத்து பிடிச்சுது, எந்த வருஷம் வத்துச்சு, எந்த வருஷம் வழிஞ்சு ஓடுச்சு. இதெல்லாம் கிணறு வெட்டுனவங்க மனசுல இருந்தது. அவங்க ஒவ்வொருத்தரா போய்க்கிட்டு இருக்காங்க. போர் போடுறவர் அறுபது அடிக்கு ஒரு தடவை மண்ணு நிறம் மாறுறதைப் பார்க்கறார், ஆனா பில்லுல அடிக்கணக்கும் கேசிங் பைப் கணக்கும் மட்டும் எழுதிட்டுப் போயிடறார். பிளான்ஃபோர்டு நடந்து நடந்து எழுதினது இந்த மாதிரி விவரத்தைத் தான். அவருக்கும் சொன்னவங்க நம்மள மாதிரி குடியானவங்களாத் தான் இருந்திருப்பாங்க.

அதனால செய்யக் கூடியது ரெண்டு. ஒண்ணு, வீட்டுல பெரியவங்க இருந்தா கிணத்தோட கதையைக் கேட்டு மோட்டார் ரூம் சுவத்துலயே பெயிண்ட்ல எழுதி வைங்க. வருஷம், ஆழம், கல்லு, தண்ணி. நாலு வரி போதும். அடுத்த தலைமுறை போர் போடுறதுக்கு முன்னாடி அதைப் படிக்கட்டும். ரெண்டாவது, பிள்ளைங்களை லீவுல ஒரு நாள் சாத்தனூர் கல்மரத்துக்கும், அரியலூர் பக்கம் வாரணவாசியில இருக்குற புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் கூட்டிட்டுப் போங்க. காலையில கிளம்பினா சாயங்காலம் மாடு கறக்க வீட்டுக்கு வந்துரலாம். போற வழியில கல்லு மாறுற இடத்தைக் காட்டுங்க. ஒரே ஒரு விஷயம், வரப்புல நத்தைக் கல்லு கிடந்தா பையில போட்டுக்கிட்டு வராதீங்க. அது எந்த அடுக்குல கிடக்குதோ அங்க இருக்குற வரைக்கும் தான் அதுக்கு வயசு உண்டு. நம்ம வீட்டு ஷோகேஸ்ல அது வெறும் கல்லு.